மலரின் ஒன்பதாம் பக்கம்

என் மனைவி முனைவர் பட்டம் பெற்றதற்காக, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் கணிதம் கற்பிக்கும் கல்லூரியில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அதையொட்டி அச்சிட்ட விழா மலரில் அவளைப் பற்றிய கட்டுரையை நானே எழுதினேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பெட்டிகளின் தேதி முத்திரையைச் சரிபார்ப்பவன் நான். அவள் ஆய்வுக்குப் பதிவு செய்த நாள், வாய்மொழித் தேர்வு நடந்த நாள், இடையில் பஸ் ஸ்டிரைக்கால் போகமுடியாமல் போன நாள்வரை என்னிடம் குறிப்பு இருந்தது; எல்லாவற்றையும் கட்டுரையில் போட்டேன்.

ஆய்வின் பொருள் பாய்சான் மேனிபோல்டுகள் என்ற ஒருவகை வெளிகளின் ஹோமாலஜியும் கோஹோமாலஜியும். இரண்டும் ஒரு வெளியின் வடிவத்தைப் பற்றிய இரண்டு விதக் கணக்குகள் என்ற அளவில் எனக்குத் தெரியும். சாதாரண வெளிகளில் இவை ஒன்றுக்கொன்று இணையாக வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அதை அப்படியே தூக்கி ஒன்பதாம் பக்கத்தில் வைத்தேன்: "இவை கணவன் மனைவி போல; ஒருவரை அறிந்தால் மற்றவரை எப்போதும் அறிந்ததாகும்."

அச்சுக்குப் போகும் முன் அவள் கேட்டாள்: "ஒரு தடவ காட்டுங்களேன்."

"எல்லாம் சரிபார்த்தாச்சு. விழாவுல பாரு."

விழாவில் கல்லூரி முதல்வர் அந்த வரியை மைக்கில் வாசித்தார். கைதட்டல் எழுந்தது. நான் முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் மட்டும் மலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், எப்போதும்னு போட்டிருக்கே? ஒங்க தீஸிஸே ரெண்டும் ஒத்துவராத இடங்களப் பத்தினதாச்சே?"

அவள் எழுந்தாள். "ஆமா சார். இந்த வரி தப்பு. இதுக்கு நேர்மாறாச் சொல்லத்தான் ஆறு வருசம் ஆச்சு."

"எழுதுனது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

அரங்கமே சிரித்தது. தமிழ்த்துறைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "அண்ணாச்சி, தேதி அம்புட்டும் கரெக்ட்டு, பாடத்துலதான் பெயிலு!" என்றார். நானும் சிரிக்கப் பார்த்தேன். உதடு ஒத்துழைக்கவில்லை.

சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் முகம் எரிந்தது. ஆறு வருடமாக அவள் எந்தப் பஸ்ஸில் போனாள், எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று எழுதி வைத்தவன், என்ன கண்டுபிடித்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. படித்தவன் என்று ஊரில் பெயர் வேறு.

"இப்பச் சொல்லேன்," என்றேன்.

"இப்பத் தல வலிக்குது."

மீதி மலர்களின் கட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மற்ற கல்லூரி நூலகங்களுக்கு அனுப்ப வேண்டியவை. அந்த வரியோடு போனால், அவள் பெயரின் கீழ் அவள் மறுத்த கருத்தே நிற்கும். திருத்தச் சீட்டு ஒட்டலாம் என்றேன்.

"நீயே எழுதிக் கொடுத்துரு."

"நான் எழுத மாட்டேன். புரிஞ்சிக்கிட்டு நீங்க எழுதுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தந்தாள். அந்த வெளியில் ஒவ்வொரு சார்பும் ஓர் ஓட்டத்தைக் கிளப்பும். அந்த ஓட்டங்கள் எதிலும் கன அளவு மாறாதபடி ஓர் அளவுகோல் அமைந்தால் இரண்டு கணக்கும் இணையாக வரும். அப்படி ஓர் அளவுகோலே அமையாத வெளிகளும் உண்டு. அங்கே ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு விலகும் என்பதுதான் அவளுடைய கேள்வி. கேட்கும்போது விளங்கியது. எழுத உட்கார்ந்ததும் நழுவியது.

முதல் சீட்டில் ஓட்டத்தையே விட்டுவிட்டேன். இரண்டாவதைப் படித்துவிட்டு, "அளவுகோல் எல்லா எடத்துலயும் இருக்குங்கிற மாதிரியே எழுதியிருக்கீங்க, திரும்பவும் அதே தப்பு," என்று திருப்பித் தந்தாள்.

நேற்று மூன்றாவதை எழுதி அவள் மேசைமேல் வைத்தேன். இன்னும் பார்க்கவில்லை. விடைத்தாள் திருத்துகிறாள். கட்டு முன்னறையில் கிடக்கிறது. வருகிறவர்கள் என்னது இது என்று கேட்கிறார்கள். அவள் உள்ளேயிருந்து பதில் சொல்வதில்லை, ஒன்பதாம் பக்கத்தைக் காட்டி, தப்பு என்னுடையது என்று நான்தான் சொல்கிறேன்.