சித்தியின் இடது கால்

எங்கள் மாமாவைப் பொறுத்தவரை, எந்த வேலைக்குப் போவதாக இருந்தாலும் முதலில் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். குன்னூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் வேறு எப்படி நினைப்பார்? வெலிங்டன் ராணுவ முகாமில் டிரைவர்களாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் தன்னிடம் கிளட்ச் மிதித்தவர்கள் என்பது அவருடைய பெருமை. அதனால் அம்மாவுக்கும் அவருக்கும் தங்கையான என் சித்தி, விமானப்படையில் விமானியாக விண்ணப்பம் போட்டு, தேர்வுக்கு மைசூர் வரச் சொல்லி அழைப்பும் வந்தபோது, மாமா ஒன்றுதான் கேட்டார்.

"ஓட்டத் தெரியாதவளுக்கு எவன் ஏரோப்ளேனக் குடுப்பான்?"

தனியார் பள்ளி ஒன்றில் பறக்கக் கற்று, லைசன்ஸ் வாங்கிக்கொண்டு அப்புறம் போ என்றார். கமர்ஷியல் லைசன்ஸ் இருந்தால் வயது வரம்பில்கூடச் சலுகை உண்டு என்று விசாரித்து வைத்திருந்தார். சித்தியும் விசாரித்திருந்தாள். லைசன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேர்வு ஒன்றுதான். தேறியவர்களுக்கு முதலிலிருந்துதான் சொல்லித் தருவார்கள், ஏற்கெனவே பறந்தவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். வந்த அழைப்பை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மாமாவின் பயம் வேறு. அந்தத் தேர்வில் ஒரு மெஷின் இருந்தது. திரையில் ஓடும் புள்ளியைக் கைப்பிடியாலும் இரண்டு கால் மிதிகளாலும் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அதில் தவறினால் ஆயுசுக்கும் விமானியாக விண்ணப்பிக்க முடியாது. மறு தேர்வே இல்லாத ஒரு தேர்வை மாமா அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவரிடம் படித்தவர்களில் எட்டுப் போடத் தெரியாமல் மூன்று தடவை திரும்பி வந்து லைசன்ஸ் வாங்கியவர்கள் உண்டு.

வீட்டில் சத்தம் அதிகமாகி, அம்மா குறுக்கே புகுந்து ஒரு சமாதானம் செய்துவைத்தாள். பறக்கும் பள்ளி வேண்டாம். ஆனால் மைசூர் போகும்வரை தினமும் மாமாவின் எல் போர்டு காரில் சித்தி பழக வேண்டும். கையும் காலும் ஒன்றாக வேலை செய்யப் பழகினால் போதும், கார் என்ன, ஏரோப்ளேன் என்ன என்பது மாமாவின் கட்சி. சித்தி சிரித்தாள். ஆனாலும் போனாள்.

பின்சீட்டில் நானும் இருப்பேன். மூன்றாம் வகுப்பு எனக்கு, பள்ளிக்கு நடக்காமல் தப்பிக்க அதுவே வழி. மார்க்கெட் மேட்டில் மாமா பாதியில் காரை நிறுத்தச் சொல்லி, பின்னால் லாரி ஹாரன் அடிக்க, ஒரு விரற்கடைகூட உருளாமல் எடுக்க வைப்பார். மாமாவின் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் உண்டு. அவருடைய பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"பயம் வந்தா யோசிக்காத. எடது காலை அமுக்கு. மீதிய நான் பாத்துக்கறேன்."

சித்தி மைசூர் போய், மறுநாள் சாயங்காலமே திரும்பிவிட்டாள். பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று, மெஷினில் போய்விட்டது என்றாள். அம்மா அழ ஆரம்பித்தாள். மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, "நான் அப்பவே" என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும் அவர் சொல்லும் வாக்கியம்தான். நான் மீதிக்குக் காத்திருந்தேன்.

"கை நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு" என்றாள் சித்தி. "புள்ளி கட்டத்த விட்டு ஓடறப்பெல்லாம் காலு அதும்பாட்டுக்கு அமுக்கிருச்சு."

மாமா, "எந்தக் காலு?" என்றார்.

சித்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காலு என்னுதுங்கண்ணா. யாரும் அழ வேண்டாம். இந்த ஒரு கதவு சாத்திட்டா, நான் ஊட்டுக்குள்ள உக்காந்துக்குவேன்னு யாரு சொன்னா? சாவியக் குடுங்க."

சாவியை வாங்கிக்கொண்டு மாமாவையும் என்னையும் காரில் ஏற்றினாள். துக்கம் விசாரிக்கத் தயாராக நின்ற அக்கம்பக்கத்தார் முன்னால் ஹாரனை நீளமாக அடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்று நினைத்தாலும் அந்த ஹாரன் எனக்கு இனிக்கிறது. தோற்றுவிட்டுத் திரும்பி வருகிறவள் தலை குனிந்துதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

மார்க்கெட் மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தினாள். தூறல், ஈர ரோடு, பின்னால் பஸ். கார் துளியும் பின்னால் போகாமல் ஏறியது. இப்போதாவது மாமா ஏதாவது சொல்வார் என்று எட்டிப் பார்த்தேன். மாமா தன் பக்கத்து மிதிகளில் கால் வைக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி மடக்கி, சீட்டில் சம்மணம் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அவருக்குக் குளிருகிறது என்று நினைத்து, என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன்.