முழுக்குக்கு முன்பே இறந்துவிட்டால்

பாடும்போதுதான் முதலில் தெரிந்தது. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஞாயிறு ஜெபக்கூட்டத்தில், வழக்கமாக ஒரே மூச்சில் பாடும் அடியை என்னால் முடிக்க முடியவில்லை. வலது விலாவுக்குள் ஊசி ஏற்றியதுபோல் குத்தியது. சில நாளில் மாலைக் காய்ச்சலும் வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டன.

நான் இயேசுவை நம்பத் தொடங்கியிருந்த சமயம் அது. கணவர் முனுசாமி கூட்டத்துக்கு வரமாட்டார். போகாதே என்றும் சொன்னதில்லை. ஏரி நிரம்பியதும் எனக்கு ஞானஸ்நானம் (நம்பியவரைத் தண்ணீரில் முழுக்கி எடுப்பது) கொடுப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார்.

ஆந்திர ராஜ்யம் அப்போதுதான் மதராஸிலிருந்து பிரிந்திருந்தது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று திருப்பதி பஸ்ஸில் வாதாடிக்கொண்டே வந்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை. பஸ் குலுங்கியபோதெல்லாம் வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முதுகை விரலால் தட்டிக் கேட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர். "நுரையீரலச் சுத்தி நீள்ளு, தண்ணி சேர்ந்திருக்கம்மா. டி.பி.யால வந்தது" என்றார். ப்ளூரிசி (நுரையீரல் உறையில் ஏற்படும் அழற்சி) என்று பெயரும் சொன்னார்.

"ஏரியில முழுகலாமா டாக்டர்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "முகம் கழுவு. அதோட நிறுத்திக்கோ."

சாவைவிட எனக்கு வேறொரு பயம் இருந்தது. முழுகாதவர்களுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று கூட்டத்தில் ஓர் அம்மாள் சொல்லியிருந்தார். அந்தச் சொல் என்னோடு வார்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டது. ஒரு மத்தியானம் பக்கத்துக் கட்டில் பெண் இறந்துபோனாள். அவள் மெத்தையை வெயிலில் காயப்போட்டார்கள். அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். செத்து எங்கே போவேன்?

கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"நீ பயந்துகினே செத்துப்புடுவ போலகீது" என்றார். மறுநாளே ஊருக்குப் போய்ப் போதகரை அழைத்து வந்தார். கட்டிலருகே நின்று அவரே கேட்டார்: "ஐயா, இவ முங்காம செத்துட்டா உங்க சாமி சேத்துக்காதா? ஒரு சொம்பு தண்ணி தலையில ஊத்துனா ஆவாதா?"

போதகர் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊத்தலாம். ஆனா அந்தத் தண்ணிதான் காப்பாத்துச்சின்னு இந்தம்மா நெனச்சிக்கினு இருப்பாங்க. நம்புன அன்னிக்கே அவரு சேத்துக்கினாரு. முழுக்கு அத ஊரறிய சொல்றது. மூச்சு உட முடியாதவங்கள, முங்கலன்னு அவரு தள்ளிடுவாரா?"

"அப்போ முழுக்கு வேணாமா ஐயா?" என்றேன்.

"வேணும். எழுந்து நடந்து வாம்மா. அவரு சொன்னதுக்குக் கீழ்ப்படிய வா. எடம் புடிக்க இல்ல."

அத்தோடு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அன்று பிற்பகல் முதுகில் பெரிய ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். பாட்டிலில் மஞ்சளாக இறங்கியது. கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்திருந்தார். ஜெபம் வரவில்லை. இயேசுவின் பெயரை மட்டும் சொன்னேன். உங்களில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், ஜெபம் வராததற்காக உங்களை நீங்களே தண்டிக்காதீர்கள்.

மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க்கான ஊசி மருந்து) போட்டார்கள். காதுக்குள் இரைச்சல் வந்தது. உடம்பு மெல்லத் தேறியது. அடுத்த மழைக்காலம் கழிந்து முழுக்குக்கு டாக்டர் சம்மதித்தார்.

ஏரிக்கரையில் கணவர் துண்டோடு நின்றார். போதகர் என்னைச் சாய்த்ததும் தண்ணீர் முகத்தை மூடியது. வார்டில் கண்ட அதே திணறல். செத்தேன் என்றே நினைத்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மேலே வந்து வெகுநேரம் இருமினேன். கரையில் கூட்டத்தார் பாடியது காதில் விழவே இல்லை.

கணவர் துண்டைப் போர்த்தி, "மூச்சு வருதா?" என்றார்.

"வருது."

இன்றும் வலது விலாவின் ஓர் ஓரம் முழுதாக விரிவதில்லை. இரட்சிப்பை முன்னால் எங்கோ ஒரு நாளில் வைத்து, அதுவரை உயிரோடு இருப்பேனா என்று நடுங்கியவள் நான். இப்போது அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வரும்வரைதான் என் காலம். அதற்குள்ளும் பயம் வருகிறது. பயந்துகொண்டேதான் நம்புகிறேன்.