எரிமலையில் வெந்த கோழி

அண்ணை லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உணவகமொன்றில் சமையல்காரர். எங்கள் வீட்டில் படித்தவன் நான் மட்டும்தான். கப்பல் பயணத்தில் ஓர் எரிமலைத் தீவில் இறங்கியதும், வாசித்ததையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அங்கே நிலத்தின் சூட்டிலேயே கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“உந்தச் சூட்டை என்னெண்டு குறைக்கிறதாம்? கேளடா.”

“விசர்க் கேள்வி, அண்ணை. சிரிப்பாங்கள்.”

“என்னைப் பார்த்துத்தானே சிரிப்பாங்கள். நீ கேள்.”

கூச்சத்தோடு ஆங்கிலத்தில் கேட்டேன். அங்கிருந்த சமையல்காரர் சிரிக்கவில்லை. சூட்டைக் குறைக்கவே முடியாது, கோழியைத்தான் நகர்த்துவோம் என்று கம்பித்தட்டை இழுத்துக் காட்டினார். அண்ணை ஒரு கோழியைச் சுட்டி, ஓரத்துக்குத் தள்ளும்படி சைகை செய்தார். அந்தச் சமையல்காரர் இடுக்கியை அண்ணையிடமே நீட்டினார். அதன்பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

சிரிப்பார்கள் என்று பயந்து வகுப்பில் நான் கேட்காமல் விட்ட கேள்விகள், கப்பல் திரும்பும்வரை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.