கடலுக்குப் போனவன் துணி

எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் போன பிறகு என் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர்கள். ஆறில் ஒன்றுகூட அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை என்பதைத் தெரு முழுக்கச் சொல்லும். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது; எனக்கு எழுத வருவது என் பெயர் ஒன்றுதான். பஸ் நம்பர் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இதில் பிழை இருந்தால் எழுத்தில்தான் இருக்கும், பேச்சில் இருக்காது.

போன வாரம் அவள் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி போர்வை தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணிப் பட்டைகளை இப்படியும் அப்படியும் சாய்த்து, சடை பின்னுவது போல ஒட்டுப் போட்டுத் தைக்கிறாள் அந்த அம்மா. “இதுக்குப் பேரு பிரெஞ்ச் பிரெய்டு ஆயா. நீயெல்லாம் பாத்துருக்கவே மாட்டே” என்றாள் பேத்தி. பார்த்திருக்க மாட்டேனாம். அதற்குள் சுருண்டுதான் என் தம்பி வளர்ந்தான். எங்கள் தெருவில் அதன் பெயர் சடைப் போர்வை. அதைத் தைத்தவள் என் அத்தை, நைனாவின் அக்கா. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

அத்தை புருஷனை இழந்தவள். ராயபுரத்தில் ஒரு சட்டைக்காரம்மா, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக் கட்டிலில் கிடந்த போர்வையைத் தினமும் உதறி மடிக்கும்போது விரலால் தடவித் தடவியே அதன் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். முதலில் ஒரு முக்கோணத் துண்டு. அதன் இடது தோளில் ஒரு பட்டை, அந்தப் பட்டையின் நுனியை மூடிக்கொண்டு வலது தோளில் ஒரு பட்டை, மறுபடி இடது, மறுபடி வலது. வலதுபக்கப் பட்டைகளின் நுனியில் மட்டும் ஒரு சிவப்புச் சதுரம். அதை அத்தை பொட்டு என்பாள். சடை வளர வளரப் பொட்டுகள் நடுமுதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போகும். அடியில் கருப்பும் கருநீலமும், மேலே போகப் போக நிறம் வெளுக்க வேண்டும். அதில்தான் அழகு என்பாள்.

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்குத்தான் போர்வை. கைமிஷினின் சக்கரத்தைச் சுற்றுவது என் வேலை. அத்தை “சுத்து” என்றால் சுற்ற வேண்டும், “நில்லு” என்றால் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தலையில் ஒரு குட்டு விழும்.

அம்மாவும் அத்தையும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் பேசுவார்கள்.

“உங்கம்மா வூட்லேர்ந்து போர்வ வரும்னு குந்திகினு இருந்தா கொழந்த குளிர்லயே கெடக்கும்மே” என்பாள் அத்தை.

“நீங்க தெச்சி முடிக்கிறதுக்குள்ள அதுக்கு மீசையே மொளச்சிடும் அண்ணி” என்பாள் அம்மா.

பட்டைகளுக்கு எல்லார் பெட்டியிலிருந்தும் துணி வந்தது. அம்மாவின் சேலை, என் பாவாடை, அத்தையின் ரவிக்கை. நைனாவின் துணி மட்டும் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் கடலுக்குப் போன ஆண்பிள்ளையின் துணியை அவன் கரை ஏறும்வரை கிழிக்க மாட்டார்கள். துவைக்கலாம், மடிக்கலாம், கிழிக்கக் கூடாது. செத்தவன் துணியைத்தான் கிழிப்பார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

நைனாவைப் பற்றியும் சொல்லவேண்டும். முந்தின வருஷம் எங்கள் கரைக்கு எதிரிலேயே அவருடைய கட்டுமரம் கவிழ்ந்தது. கூடப் போன அவருடைய தோஸ்து திரும்பவில்லை. நைனா மட்டும் வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார், பல நாள் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒருநாள் எழுந்து, “இந்தக் கர எனுக்கு ஆவாது. எண்ணூர்ல ஒர்த்தரு கூப்புடுறாரு, அங்கேர்ந்து கடலுக்குப் போறேன்” என்றார். அன்றிலிருந்து விடிந்ததும் போவார், பொழுது சாய வருவார். எங்கள் கரையில் இருட்டோடு போய்க் காலையில் திரும்புவதுதான் வழக்கம். எதிர்வீட்டு அக்கா ஒருமுறை கேட்டேவிட்டாள்: “அது இன்னா கடலோ, கம்பெனிக்காரன் கணக்கா விடிஞ்சி போயி பொழுதோட வரான்?”

“எண்ணூர்க் கடலு லேட்டாத்தான் முழிக்கும். உனுக்கு இன்னா பேஜாரு?” என்றாள் அத்தை.

வரும்போது நைனா மீன் கொண்டுவருவார். சில நாள் மீனின் வயிற்றில் ஐஸ் துகள் ஒட்டியிருக்கும். செவுளைப் புரட்டிப் பார்க்காமல் மீன் வாங்காத என் அம்மா, நைனா கொண்டுவந்த மீனின் செவுளை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. அலசிக் குழம்பில் போட்டுவிடுவாள்.

அன்றைக்குக் காலையில் நைனா போன பிறகு காற்று கிளம்பியது, இருட்டோடு போன கட்டுமரங்கள் கரை திரும்பவில்லை. மத்தியானத்துக்குள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தை மூடி எங்களை அனுப்பினார்கள். தெருவில் ஒரு பெண்பிள்ளை இல்லை, எல்லாரும் கரையில். அம்மாவும் கரையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டைத் தாண்டி ஓடினேன். உள்ளேயிருந்து மிஷின் சத்தம் கேட்டது.

அம்மா கால் நீட்டி உட்கார்ந்து பட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை ஒரு கையால் சக்கரம் சுற்றி, ஒரு கையால் துணி தள்ளிக்கொண்டிருந்தாள்.

“கூண்டு ஏத்திட்டாங்கம்மா” என்றேன்.

“தெரியும். வந்து சக்கரத்தப் புடி” என்றாள் அம்மா.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இவளுக்குப் பயமே இல்லையா? அத்தையாவது வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அம்மா தன்னைப் பார்க்கிறபோது மட்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சடை உச்சிக்கு வந்திருந்தது. “இங்க ஒரு வெளுத்த நீலம் வேணும். இல்லாட்டி கண்ண உறுத்தும்” என்றாள் அத்தை. அம்மா துணிக்குவியலைக் கிளறினாள். கிடைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், பெட்டியைத் திறந்தாள், நைனாவின் பழைய நீலக் கட்டம்போட்ட கைலியை எடுத்தாள். பேசிக்கொண்டே அதன் ஓரத்தைப் பல்லால் கடித்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள்.

பர்ரென்று அது கிழிந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

சக்கரம் என் கையில் நின்றுபோனது. அத்தையின் கை துணிமேல் நின்றுபோனது. அம்மாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்திருக்க வேண்டும். கிழிந்த பாதி ஒரு கையிலும் மீதி இன்னொரு கையிலுமாக அப்படியே நின்றாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா தலைவிரி கோலமாக உள்ளே வந்தாள். இருட்டோடு போன அவள் புருஷன் இன்னும் திரும்பவில்லை. வந்தவள் கண் நேரே அம்மாவின் கைக்குப் போனது.

“அய்யய்யோ, இன்னாமே இது? யாரு துணிய கிழிச்சே?”

“எங்கூட்டுக்காரருது. என் பொட்டியில கெடந்துச்சி, நான்தான் குட்த்தேன்” என்றாள் அத்தை. “செத்தவர் துணியக் கிழிச்சா இன்னா? நீ கரைக்குப் போ, நான் பின்னாலயே வரேன்.”

அக்கா நம்பிவிட்டாள். நான் எப்படி நம்புவேன்? கைலியின் ஓரத்தில் நைனாவின் பீடி பட்டு விழுந்த ஓட்டை இருந்தது. நான் படுக்கும்போது அந்த ஓட்டையில்தான் விரலை விட்டுக்கொண்டு தூங்குவேன். அது நைனாவுடையது. அத்தை பொய் சொல்கிறாள். பெரியவர்கள் ஏன் பொய் சொல்வார்கள்? நைனாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, இவர்களுக்குச் செய்தி வந்துவிட்டது, எனக்கு மறைக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது.

கரைக்கு ஓடினேன். கடல் சேற்று நிறமாக இருந்தது. ஒவ்வொரு கட்டுமரமாகக் கரையில் வந்து மோதியது. எல்லார் அப்பாவும் இறங்கினார்கள். என் நைனா எண்ணூரில் அல்லவா இறங்க வேண்டும் என்பதுகூட அப்போது மறந்துபோனது. எதிர்வீட்டு அக்கா தண்ணீருக்குள் முழங்கால்வரை போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைக் காதால் கேட்க முடியாமல் திரும்பி ஓடிவந்தேன்.

வந்து பார்த்தால் நீலப் பட்டை சடையில் ஏறிவிட்டது. அத்தை அதன் நுனியில் பொட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்து போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

“பிரிச்சிடு அத்த! பிரிச்சிடு! நைனா செத்துட்டாரா?”

“சீ, வாயக் கழுவு! உன் நைனாவுக்கு இன்னா வந்துச்சி? சாயங்காலம் சங்கு ஊதுனா வந்துடப் போறான்!”

சங்கு ஊதினால். எங்கள் தெருவில் சங்கு ஊதுவது எந்த வீட்டில் என்று எனக்குத் தெரியும். பிணம் கிடக்கிற வீட்டில்தான் ஊதுவார்கள். நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன்.

அழுத அழுகையில் நடுவே நிமிர்ந்து பார்த்தால், என்னை யாரும் பார்க்கவேயில்லை. அம்மா அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி... சங்கா? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“உனுக்கு எப்பத் தெரியும்மே?” என்றாள் அத்தை.

“மொத வாரத்துலயே. நீங்க தாங்க மாட்டீங்கன்னு...”

“நான் எங்க தாங்க மாட்டேன்? நீதான் மானம் போச்சின்னு அம்மா வூட்டுக்குப் போயிடுவியோன்னு நான் வாயக் கட்டிகினு கெடந்தேன்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தால் அழுதுகொண்டுமிருந்தாள். அத்தையும் அப்படியே. ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராத இரண்டு பேரும் தோளோடு தோள் சாய்ந்து சிரித்ததைப் பார்த்து, ஒருத்திக்குப் புருஷனும் ஒருத்திக்குத் தம்பியும் போன துக்கத்தில் இவர்களுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

பொழுது சாயும் நேரம் திருவொற்றியூர்ப் பக்கம் கம்பெனிச் சங்கு காற்றில் இழுத்து இழுத்துக் கேட்டது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மழை பிடித்தது. அப்புறம் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தார். கையில் ஓலையில் கட்டிய மீன்.

நைனா!

நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அவர் காது மடிப்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கடல் உப்பு என்று நினைத்து என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன்.

என்னைத் தூக்கிக்கொண்டே அவர் போர்வையைப் பார்த்தார். நீலப் பட்டையைப் பார்த்தார். குனிந்து அதை ஒரு விரலால் தொட்டார். அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அந்த வழக்கம் அவருக்கும் தெரியும்.

“கை கழுவிகினு வாடா. சோறு ஆறுது” என்றாள் அத்தை.

அவர் உட்காருவதற்குள் எதிர்வீட்டு அக்கா நனைந்துகொண்டு ஓடிவந்தாள். “அண்ணே, நீ எண்ணூர்லேர்ந்துதானே வரே? எங்க ஆளு அந்தப் பக்கம் ஒதுங்குச்சான்னு பாத்தியா? மரம் எதுனா தெரிஞ்சிதா?”

அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். நைனா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் இன்னிக்கிக் கடலுக்குப் போவலம்மா” என்றார். சொல்லும்போது அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. “வா, கரைக்குப் போவோம்.”

கயிறு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தார். மரம் கவிழ்ந்த நாளிலிருந்து அந்தக் கரையில் கால் வைக்காதவர், அன்று மழையில் போய் நின்றார். அக்காவின் புருஷன் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கி, மறுநாள் காலையில் நடந்தே வந்துசேர்ந்தான்.

அந்த வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் நான்தான் ராணி. என் நைனா புயலிலும் எண்ணூரிலிருந்து மீனோடு வந்தார், காதில் கடல் உப்பு அப்படியே இருந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். இன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை என்று அவர் வாயால் சொன்னதைக் கேட்டும் சொன்னேன். அக்கா இன்னும் பயப்படாமல் இருப்பதற்காகச் சொன்ன பொய் அது என்பது என் கணக்கு. அன்று எங்கள் வீட்டில் அக்காவிடம் சொன்னதிலேயே உண்மை அது ஒன்றுதான் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

கல்யாணமாகி, கையில் பிள்ளையோடு திருவொற்றியூர் பஸ்ஸில் போகும்போதுதான் பார்த்தேன். குடோன் வாசலில் ஒரு லாரி. அதன்மேல் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் சாக்குக் கொங்காணியோடு நைனா. கண்ணிமை, காது, புருவம் எல்லாம் வெள்ளை. அவர் பஸ் பக்கம் திரும்பினார். நான் சட்டென்று அடுத்த ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று சாயங்காலம் மீன் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஐஸ் ஒட்டியிருந்தது. செவுளைப் பார்க்காமல் அலசிக் குழம்பில் போட்டேன்.

இந்த இடத்தில் பேத்தி பேனாவை நிறுத்திவிட்டாள். “அப்போ மேல உப்புன்னு எழுதுனது தப்பு ஆயா. சிமெண்டுன்னு மாத்தட்டுமா?” என்கிறாள்.

அதில் கை வைக்காதே. உப்பு உப்பாகவே இருக்கட்டும். முதலிலிருந்து படி கண்ணு, கேட்கிறேன்.