காஜாக்காவும் வயிற்று மாத்திரையும்

காஜாக்காவுக்கு யாரையும் பிடிக்காது. அவளையும் யாருக்கும் பிடிக்காது. தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா அடிக்கும் வேலை, அதாவது பொத்தான் துளை தைப்பது, பதினெட்டு வருடமாக. பக்கத்து மெஷினில் அவளுடைய தங்கச்சி. இருவரும் ஒரே வீடு, ஒரே பஸ், வழி நெடுக ஒரே சண்டை.

கம்பெனியில் நாற்பது பெண்களுக்குக் கழிவறை டோக்கன் ஒன்றே ஒன்று. அதை எடுத்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பான், பாவி. இரண்டாவது முறை எழுந்தால், "வீட்டுலயே உக்காந்திருக்க வேண்டியதுதானே?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்பான். காஜாக்காவுக்கோ நாலு வருடமாக வயிறு சரியில்லை. அவனிடம் கெஞ்சுவதற்குப் பதில் விஷத்தைக் குடிக்கலாம் என்பாள். கிட்டத்தட்ட அதைத்தான் செய்தாள்.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் காலையில் ஒன்று போட்டாள். அது கேட்கவில்லை என்று மூன்று, ஆறு. கடைசியில் ஒரு அட்டையையே காலி செய்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவாள்.

"இவ்வளவு ஆகாதும்மா, டாக்டரைப் பாருங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"விக்கிறதுதானே உன் வேலை? குடு!"

அவர் கொடுக்கவில்லை. அடுத்த கடைக்குப் போனாள்.

நெஞ்சு படபடத்தது, கண் இருட்டியது. அந்த மாத்திரையால்தானோ என்று தங்கச்சி பயந்தாள்.

"வயித்துக்குப் போடுற மாத்திரை நெஞ்சை என்னடி பண்ணும்? உன் வேலையைப் பாரு."

ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு சூப்பர்வைசரும் கூட வந்தான். இசிஜி தாளைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"துடிப்பு தாறுமாறா இருக்கு. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

கட்டிலின் கால்மாட்டில் சூப்பர்வைசர் நின்றான். வயிற்றுக் கோளாறு என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். "ஒண்ணுமில்ல" என்றாள் காஜாக்கா.

"பொய் சொல்றா டாக்டர்!" தங்கச்சி அக்காவின் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். காலி அட்டைகள் கொட்டின.

ஊசியோடு வந்த நர்ஸ் பக்கம் திரும்பி டாக்டர் கத்தினார். "அந்த வாந்தியை நிறுத்துற ஊசியைப் போடாதீங்க! இந்த மாத்திரையோட அதுவும் சேர்ந்தா இதயம் நின்னுடும்."

சூப்பர்வைசர் அட்டைகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போனான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி, சண்டாளி!"

"ஆமா, போட்டேன்" என்றாள் தங்கச்சி. "உன்மேல மண்ணள்ளிப் போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்."