தக்கலையில் காபூல், முட்டத்தில் ஹவாய்

ஆவணி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, காலை 7.40. வடசேரி பேருந்து நிலையத்தில் தக்கலை வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி. நடத்துநர் பணம் கேட்கவில்லை, எங்கே போகிறேன் என்று மட்டும் கேட்டார். ஆப்கானிஸ்தானுக்கும் ஹவாய்க்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். தக்கலை என்று சொல்லி, சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் உலகத்தின் ஏதாவது இரண்டு மக்கள் கூட்டத்தை ஒப்பிட்டுப் பேச வேண்டும். யார் யாரைப் பற்றி என்பதை எவர்சில்வர் டம்ளரில் சீட்டுப் போட்டு எடுப்போம். என் கையில் வந்த முதல் சீட்டு ஆப்கானியர், இரண்டாவது சீட்டு ஹவாய் மக்கள். எல்லோரும் சிரித்தார்கள். கல்லூரியில் இருபத்தாறு வருடம் பொருளாதாரம் நடத்துகிறவள், எப்படியாவது சமாளித்துவிடுவாள் என்று செயலாளர் என்னைத் தேற்றினார். இணையத்தில் தேடிப் பதினெட்டுப் பக்கம் அட்டவணை எடுத்தேன். படித்துப் பார்த்ததில் எனக்கே தூக்கம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, இந்த ஊரில் இருந்துகொண்டு நான் ஏன் இணையத்தில் தேடுகிறேன் என்று. எங்கள் மாவட்டத்தில் எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும், அங்கே போய்ப் பிழைத்து வந்தவர் ஒருவர் ஏதாவது ஒரு பேருந்து வழித்தடத்தில் இருப்பார்.

8.35. வடசேரியிலிருந்து தக்கலை பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து பத்மநாபபுரத்துக்கு ஆட்டோவில் அறுபது ரூபாய். அரண்மனை வாசலில் திருவனந்தபுரத்துப் பள்ளிக் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு எதிரே தங்கராஜின் சாயாக்கடை. காபூலுக்கு வடக்கே ஓர் அமெரிக்க ராணுவ முகாமின் சமையற்கூடத்தில் ஆறு வருடம் ரொட்டி போட்டவர் அவர். என் தங்கை வீட்டுக்காரரோடு ஒரே திருச்சபையில் வளர்ந்தவர் என்பதால் போனில் சொன்னதுமே வரச் சொல்லிவிட்டார்.

சாயாவை வைத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"மொதல்லயே சொல்லிப்போடுதேன் டீச்சரே. நான் ஆப்கானிஸ்தானத்த வேலிக்கு உள்ள நின்னுதான் பாத்தேன். வெளிய விடமாட்டாவ. தூரத்துல பனி பிடிச்ச மலை தெரியும், அவ்வளவுதான். மத்தபடி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்ககூட வேலை செஞ்ச ஆப்கான்காரங்க மூலமாத் தெரிஞ்சது."

இப்படி ஒருவர் தன் சாட்சியின் எல்லையைத் தானே அளந்து சொல்வதை நான் கருத்தரங்குகளில்கூடக் கேட்டதில்லை. அந்த ஆளை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

தங்கராஜுடன் மாவு மூட்டை தூக்கியவர் நாசிர். தினமும் வாசலில் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சோதனை முடிந்துதான் உள்ளே வருவாராம். ஒரே அடுப்பின் முன்னால் நின்றாலும், தங்கராஜுக்குக் கிடைத்த சம்பளத்தில் பாதிகூட நாசிருக்கு இல்லை. அதை வைத்து வீட்டில் பதினான்கு பேர் சாப்பிட வேண்டும். குண்டு வெடித்துச் செத்துப்போன அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் அந்தப் பதினான்கில் அடக்கம்.

"அண்ணனுக்க பிள்ளைய வேற, தனக்க பிள்ளைய வேறன்னு அவன் ஒரு நாளும் எண்ணிச் சொன்னதில்ல டீச்சரே. ஒருக்கா எனக்க கையில இருந்து ஒரு ரொட்டி கீழ விழுந்துட்டு. நான் காலால தள்ளி ஓரமாப் போட்டேன். அவன் ஓடி வந்து எடுத்து, முத்தம் குடுத்து, மேல அலமாரியில வச்சான். ஒண்ணும் திட்டல்ல. ஆனா அன்னைக்கு முழுக்க எனக்க முகத்தப் பாக்கல்ல."

"இப்போ பேசறீங்களா அவரோட?"

"எப்பவாவது குரலப் பதிஞ்சு அனுப்புவான். அவனுக்க மூத்த மவ நல்லாப் படிக்குத பிள்ள. ஆறாங்கிளாஸ் முடிஞ்சதும் நின்னுட்டு. பெண்பிள்ளையளுக்கு அதுக்கு மேல பள்ளிக்கூடம் கெடையாதுல்லா இப்ப. வீட்டுல தச்சுக்கிட்டு இருக்கா."

அவர் இரண்டாவது சாயாவுக்கும் காசு வாங்க மறுத்தார். பத்து நிமிடம் வாதாடிப் பார்த்துத் தோற்றுப்போய் எழுந்தேன். எதிரே அரண்மனைச் சுவரில் கேரள அரசின் அறிவிப்புப் பலகை தெரிந்தது. நிலம் தமிழ்நாட்டில் இருக்கிறது, அரண்மனைச் சாவி கேரளத்தின் கையில் இருக்கிறது. இதற்காக யாரும் இன்று சண்டை போடுவதில்லை. எல்லா ஊரிலும் எல்லைகள் இவ்வளவு சாதுவாக இருந்துவிட்டால் தேவலை.

11.20. தக்கலையிலிருந்து திங்கள்நகர், அங்கே வண்டி மாறி மணவாளக்குறிச்சி. மணல் ஆலையைத் தாண்டும்போது பக்கத்தில் இருந்த மீன்கார அம்மா, "இதுக்கு அங்கோட்டு காத்து மாறும், தலையக் கெட்டிக்கிடுங்க" என்றார். சொன்னது போலவே கடியபட்டணம் பாலத்தில் காற்று என் குறிப்பேட்டைப் பிடுங்கப் பார்த்தது. 12.50க்கு முட்டத்தில் இறங்கினேன். கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையில் மூன்றாவது சந்து.

மேரி சுனிதா என்னிடம் பி.ஏ. படித்தவள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் கேள்வி கேட்பதில் முதல் பெஞ்சு. அவள் கணவர் ஆன்றோஸ், ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு துறைமுகத்திலிருந்து சூரை மீன் பிடிக்கப் போகும் படகில் இரண்டு வருடம் பத்து மாதம் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு திரும்பியவர். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் பெரிய பெரிய பூப்போட்ட ஹவாய்ச் சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். சுவரில் அவர் படங்கள். பின்னால் உயரமான கட்டடங்கள், பச்சை மலை, நீலக் கடல்.

மேசையின் மேல் மஞ்சள் பிளாஸ்டிக் உறையில் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. சுனிதாவின் தம்பி அஜினுடையது. வயது இருபத்து மூன்று, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மச்சான் போன அதே மாதிரிப் படகில் அவனுக்கும் ஆள் எடுக்கிறார்கள். மாலை நான்கு மணிக்குள் குளச்சலில் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அடுத்த வாரம் விமானம், மூன்று வருட ஒப்பந்தம்.

"நல்ல நேரத்துல வந்திருக்கீங்க டீச்சர்" என்றாள் சுனிதா. "இவரு சொல்லுகத இவனும் கேட்டுக்கிடட்டும். ஆனா சாப்பிட்டுட்டுத்தான் பேச்சு."

சோறும், மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பும். அவள் கைப்பக்குவத்துக்கு மதிப்பெண் போட வேண்டுமென்றால் நூற்றுக்கு நூறு. படிக்கிற காலத்தில் என் பாடத்தில் அவள் அந்த மதிப்பெண் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

1.50. குறிப்பேட்டைத் திறந்து என் கேள்விகளைத் தொடங்கினேன். ஆன்றோஸ் தாராளமாகப் பேசினார். கட்டடங்கள் எத்தனை மாடி, மழை மலைமேல் எப்படி வந்து இறங்கும், மாதா கோவில் மணி எத்தனை மணிக்கு அடிக்கும். எல்லாம் துல்லியமாக இருந்தது.

"அங்கே பேருந்துக் கட்டணம் எவ்வளவு?"

"பஸ்ஸுல ஆரு போவா டீச்சர். எல்லாம் காருதான்."

"சந்தையில் அரிசி, காய்கறி என்ன விலை?"

"எங்களுக்கு எல்லாம் வேன்ல வந்துரும்."

"வீடுகள் உள்ளே எப்படி இருக்கும்? எத்தனை அறை?"

அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். "நல்ல வசதியா இருக்கும்."

இருபத்தாறு வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. படித்து எழுதியவனையும் பக்கத்தில் பார்த்து எழுதியவனையும் இரண்டாவது பதிலில் பிரித்துவிடுவாள். ஆன்றோஸ் சொன்ன ஹவாயில் தூரத்தில் தெரிவது அத்தனையும் இருந்தது, கிட்டே போய்த் தொட வேண்டியது ஒன்றும் இல்லை. காலையில் தங்கராஜ் சொன்ன வேலி நினைவுக்கு வந்தது. சுவரில் இருந்த படங்களை மறுபடி பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஒரு கம்பியோ கயிறோ தெரிந்தது. அத்தனையும் படகின் மேல்தளத்தில் நின்று எடுத்தவை.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சோறு போட்ட வீட்டில் வந்து குடைவது அழகில்லை. ஆனால் மேசை மேல் அந்தப் பாஸ்போர்ட் கிடந்தது. நான் பேனாவை மூடிவிட்டேன். மூடியது தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன். கேட்டது நான் இல்லை, அஜின்.

"மச்சான், லீவு நாள்ல எங்க போவீங்க? எந்த எடமெல்லாம் பாக்கணும்னு சொல்லுங்க, எழுதி வச்சுக்கிடுதேன்."

ஆன்றோஸ் அவனைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"ஒரு எடமும் போனதில்லலே."

"என்னது?"

"எறங்க விடமாட்டாவ மக்கா. வெளிநாட்டு ஆளுக்கு அங்கத்த சட்டம் அப்படி. கடல்ல இருவது நாளு, பொறவு துறைமுகத்துல அஞ்சு நாளு. அந்த அஞ்சு நாளும் படகும் படகு கெட்டுக பாலமுந்தான். பாஸ்போர்ட்டு கேப்டனுக்க கையில. போகும்போது வேற நாட்டுல எறக்கிப் படகுலயே கொண்டுபோனாவ, திரும்பும்போது பாலத்துல இருந்து வேன்ல நேரா விமானத்துக்கு. ரெண்டு வருஷம் பத்து மாசம் நான் ஹவாய் ரோட்டுல காலு வைக்கல்ல. அந்தச் சட்டை பாலத்துக்கு விக்க வந்த வேன்ல வாங்கினது."

சுனிதா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்க அம்மா செத்தப்போ ஹவாய்ல மாதா கோவிலுக்குப் போயி பூசை சொல்லி, மெழுகுதிரி கொளுத்தினேன்னு சொன்னீங்க. நான் ஊரு முழுக்கச் சொன்னேன். சாமியார்ட்டயும் சொன்னேன்."

"திரி கொளுத்தினது உண்மைதான் சுனிதா. கொளுத்தினது நானில்ல."

அதன் பிறகு அவர் சொன்னதுதான் நான் முட்டத்துக்குத் தேடி வந்தது. மீன்தலை கேட்டுப் பாலத்துக்கு ஒரு பெண் வருவாராம், ஹவாயின் ஆதிக்குடி, அறுபது வயதிருக்கும். இரண்டு ஓட்டல்களில் துடைத்துப் பெருக்கும் வேலை. இரண்டு சம்பளம் வந்தும் வாடகை கட்ட முடியாமல், கடற்கரைப் பூங்காவின் பின்னால் கூடாரம் போட்டு மகளோடும் பேத்தியோடும் இருந்தார். தாத்தா காலத்தில் கடலோரத்தில் அவர்களுக்கு நிலம் இருந்ததாம்.

"வெளியூருப் பணக்காரங்க வந்து வாங்க வாங்க வெல ஏறிப்போச்சு. வரி கெட்ட முடியல்ல. பைய பையக் கைவிட்டுப் போச்சுன்னு சொல்லுவா. ஆனா அவளுக்க பேத்தி அவங்க சொந்தப் பாஷையில படிக்கா, அதுக்குன்னு பள்ளிக்கூடம் உண்டு. பாட்டிக்கு மறந்துபோன பாஷைய பேத்தி பேசுகா. அதச் சொல்லும்போது அவளுக்க மொகத்தப் பாக்கணும். ஒனக்க அம்மைக்க பேர ஒரு துண்டுத் தாள்ல எழுதி அவகிட்டதான் குடுத்தேன். மறுநாளு வந்து, கொளுத்தியாச்சுன்னா. அவளுக்க செலவுல."

காபூல் பக்கத்தில் ஒரு சம்பளத்தில் பதினான்கு பேர், கூரைக்குக் கீழே. ஹோனலூலுவில் இரண்டு சம்பளத்தில் மூன்று பேர், கூடாரத்தில். காபூல் பக்கத்தில் மகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஹோனலூலுவில் பேத்தியின் படிப்பில் போன பாஷை திரும்பி வருகிறது. என் பதினெட்டுப் பக்கத்தில் இந்த இரண்டு வீடுகளும் எந்தக் கட்டத்தில் இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை.

"அவளுக்க பேரென்ன?" என்று கேட்டாள் சுனிதா.

ஆன்றோஸ் தலையைக் குனிந்துகொண்டார். "ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவோம். அங்க மூத்த பொம்பளைய எல்லாரையும் அப்படித்தான்."

"எனக்க அம்மைக்க பேரு அவளுக்குத் தெரியும். அவளுக்க பேரு உங்களுக்குத் தெரியாது." அவள் அழவில்லை. கோபம்தான். அந்தக் கோபம் பொய்க்காகவா, பெயருக்காகவா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஏன் மச்சான் இத்தன நாளு சொல்லல்ல?" என்றான் அஜின்.

"துபாய் போனவன் துபாயக் கண்டுட்டு வாறான். நான் மூணு வருஷம் போயி ஒண்ணுமே பாக்கல்லன்னு எப்படிலே சொல்லுகது."

2.55. அஜின் போனை எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணே, அஜின் பேசுதேன். அங்க போனா கரைக்கு எறங்க விடுவாவளா?"

"எறங்கி என்ன செய்யப்போற?" என்றது ஏஜெண்டின் குரல். "மீனு கடல்லல்லா கெடக்கு."

பெரிய நகைச்சுவை சொன்னதுபோல அவர் சிரிப்பதும் கேட்டது. அந்தச் சிரிப்பு முடியும் வரை அஜின் காத்திருந்தான்.

"நான் வரல்லண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சுனிதா பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆன்றோஸ் எழுந்து போய் வாசலில் நின்றார். நான் விடைபெறும்போது, "எழுதும்போது நான் எறங்கல்லங்கதையும் எழுதிருங்க டீச்சர்" என்றார். பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். மாற்றியிருக்கிறேன்.

4.10. அம்மாண்டிவிளை வழியாக நாகர்கோவில் வண்டி. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இத்தனை ஊர் சுற்றியும் இந்தியாவை விட்டு வெளியே போனதில்லையே என்ற குறை எனக்கு வெகுநாளாக உண்டு. போய் வந்தவர்களைப் பார்த்து உள்ளூரப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்று அந்தப் பொறாமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, மனசு கனமாக இருந்தது. நகரத்துக்குள் வண்டி நுழைந்ததும், என் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து மணி அடிக்கச் சொன்னேன். வண்டி நின்றது. இறங்கி வீட்டுக்கு நடந்தேன். ஏன் இங்கே இறங்குகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.