பன்னிரண்டு மரங்களின் முடிச்சுகள்

1. நில அளவை வரைபடம் படித்து, சிரம்பானில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிறுகளில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பி, பால்மரப் பட்டைகளை நீர்வண்ணத்தில் வரைந்தேன்.
2. பழைய நிரை ஒன்றில் மிஞ்சியிருந்த பன்னிரண்டு மரங்களிலும் ஒரே மாதிரி முடிச்சுகளைக் கண்டேன்.
3. எண்ணெய் தரும் செம்பனை மறுநடவுக்காக அந்த வாரமே அவற்றைச் சாய்க்கப்போவதாக தோட்டக் கங்காணியான மண்டோர் சொன்னார்.
4. ஏழாவது படத்தைப் பார்த்த அப்பா, சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார்.

முடிச்சுகள் பாதி மூடிய இமைகளைப் போல இருந்தன. டேப் பிடித்து அளந்தேன். எல்லா மரங்களிலும் என் இடுப்புயரத்தில் சிறிதாகத் தொடங்கி, கீழே போகப்போகப் பெருத்தன. முழங்கால் உயரத்தில் சட்டென்று நின்றுவிட்டன. அதற்குக் கீழே பட்டை வழவழப்பாக இருந்தது. இயற்கையின் ஒழுங்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனாலும் அந்த நிரைக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்கு மனம் வரவில்லை.

கை கழுவிவிட்டு வந்த அப்பா படத்தைத் தொடாமல் சொன்னார்: "ஒங்கம்மா உளி பட்ட எடம்மா இது."

நான் பிறந்த அன்று அம்மா இறந்துபோனார். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

வயிற்றில் நான் இருந்ததால் அம்மாவுக்குக் குனிய முடியவில்லையாம். வெட்டு நாளுக்கு நாள் மரத்தில் கீழே போகப்போக, பால்வெட்டும் உளி நழுவிப் பட்டையைத் தாண்டிக் கட்டைவரை இறங்கிவிடுமாம். காயம் ஆறினால் அந்த இடம் முடிச்சாகிவிடும். "பால் வெட்டச் சொன்னா வெறகு வெட்டுறியேன்னு மண்டோரு தெனம் ஏசுவாரு. அவ சிரிச்சிக்கிட்டே அடுத்த மரத்துக்குப் போயிருவா."

"முடிச்சு நிக்கிற எடத்துக்குக் கீழ?"

"அது நான் வெட்டுனது."

மறுநாள் மீதி மரங்களை வரைய விடுப்பு எடுத்தேன். பனி விலகவில்லை. காற்றின் ஈரத்தில் தாள் காயவே இல்லை. ஒவ்வொரு படத்திலும் கடைசி முடிச்சின் பழுப்பு, நான் தூரிகையை எடுத்த பிறகும், வழவழப்பான பகுதிக்குள் மெல்ல இறங்கியது. துணியால் ஒற்றினேன். மறுபடி இறங்கியது. அன்றைய நாலாவது, மொத்தத்தில் பதினொன்றாவது படத்தில் ஒற்றுவதை விட்டுவிட்டேன். அதை முடித்தபோது நிரையின் மறுகோடியில் ரம்பம் ஓடத் தொடங்கியிருந்தது.

பதினொரு படங்கள் என்னிடம் இருக்கின்றன. பன்னிரண்டாவது மரத்தின் அளவுகள் மட்டும் நோட்டில் உள்ளன. அந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.